நாடா சொன்ன எண்

கடைக் கதவை அன்று ஆறரை மணிக்கே திறந்துவிட்டார் தையல்காரர். அவசர வேலை எதுவும் இல்லை. வீட்டுக்குள் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அந்தத் திரை தந்த மறைவு போதும் என்று இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன வாரம் நடந்தது இதுதான். பேருந்து நிலையத்தின் மூன்றாம் கவுண்டரில் பயணச்சீட்டு கொடுக்கும் அவர் மனைவி, பட்டப்பகலில், இருபது பேர் வரிசையில் நிற்க, அச்சாகி வந்த சீட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள். எதிரே இருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தது. குறட்டை நிலையம் முழுக்க ஒலித்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் கைபேசியில் படமும் எடுத்தார். மருத்துவரின் சான்று வரும்வரை கவுண்டரில் உட்கார வேண்டாம் என்று மேலாளர் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ரத்தம், கண் எல்லாம் பரிசோதித்தாகிவிட்டது. இன்று பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் உடல் பருமன் பிரிவில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வைத்தியத்துக்கு மனைவி மறுக்கவில்லை. அவள் மறுத்தது ஒன்றைத்தான். தான் குண்டாகிவிட்டதாக யார் சொன்னாலும் அவள் நம்பத் தயாராக இல்லை. அதற்கு அவளிடம் ஒரு சாட்சி இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் அணிகிற நீல நிறச் சீருடைக் கோட்டு. அன்று போட்ட பட்டன் இன்றும் போடுகிறதே என்பாள்.

அது பொய்ச் சாட்சி என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர்தான் இப்போது திரைக்கு இந்தப் பக்கம், நூல் கோக்காத ஊசியை வெறித்துக்கொண்டிருந்தார்.

தொடக்கம் சின்னது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சக ஊழியர் ஒருவரின் வழியனுப்பு விழாவில், கீழே விழுந்த கோப்பையை எடுக்கக் குனிந்தபோது அவள் கோட்டின் பக்கத் தையல் சர்ரென்று விட்டுப்போனது. பின்னால் நின்றவர்கள் சிரித்ததைக் கேட்டுவிட்டாள். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

"உன் மேல தப்பில்லம்மா. என் நூல் மட்டம். மட்டமான நூல்ல தைச்சுட்டேன்" என்றார் அவர்.

அவள் திரும்பிப் படுத்து அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். அந்த ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை அவள் குளிக்கப் போகும்போதும் கோட்டைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. இழுத்துப் பிடிக்கிற இடத்தில் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைப்பார். உள்ளே விடுவதற்குத் துணி தீர்ந்தபோது, அதே நீலத்துணியில் ஒரு முழுச் சுருளை வாங்கிப் பரணில் ஒளித்தார். புதிதாகப் பெரிய கோட்டு வெட்டி, மொட்டை மாடியில் நாலு வாரம் வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைத்து, பழைய கோட்டின் காலரையும் பட்டன்களையும் அப்படியே பிரித்து இதில் பொருத்தினார். காலரில் இருந்த மைக்கறைகூட இடம் மாறவில்லை. இப்படி ஐந்து கோட்டுகள். அவள் கையில் இருந்தது எப்போதும் ஒரே கோட்டு.

வருடத்துக்கு ஒரு தரம் அவளே கேட்பாள், அளந்து பாருங்களேன் என்று. அளவு நாடாவில் எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு, "முப்பத்தாறு. அப்படியேதான் இருக்கே" என்பார். அவளுக்கு முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காக மனிதர் எதையும் செய்திருப்பார்.

துணியில் கத்தரி வைக்கும் முன், 'ஆண்டவனே, கை தவறாமல் பார்த்துக்கொள்' என்று சொல்வது அவர் பழக்கம். அந்த ஐந்து கோட்டுக்கும் அப்படிச் சொல்லித்தான் வெட்டினார். கை தவறவே இல்லை.

"அப்பா, சாப்பிட வர்றீங்களா இல்லையா? முட்டை ஆறிப்போச்சு." திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். இருபத்திமூன்று வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் 'வாலு'. டாக்டரிடம் நேரம் வாங்கியது அவள்தான்.

மேஜையில் மனைவி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டை இப்போதே போட்டிருந்தாள்.

"எதுக்கும்மா யூனிஃபார்ம்? வேலைக்கா போறே?" என்றாள் வாலு.

"டாக்டர் பாக்கட்டும்னுதான். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

"அம்மா, தயவுசெஞ்சு அங்க போய் சண்டை போடாதே."

"நான் எதுக்குடி சண்டை போடறேன். மெஷின் தப்பா காட்டினா தப்புன்னு சொல்வேன்."

"வீட்டு மெஷின் தப்பு, மருந்துக்கடை மெஷின் தப்பு, ஆறு வருஷம் முன்னாடி உங்க ஆபீஸ் முகாம்ல வெச்ச மெஷினும் தப்பு. பாவம், உலகத்துல ஒரு மெஷினுக்கும் உன்னை நிறுக்கத் தெரியல."

"பஸ்ல உக்கார்ற சீட்டையே சின்னதா பண்ணிட்டான். மெஷினை மட்டும் ஒழுங்கா பண்ணுவானா?" என்ற மனைவி, கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன் இவகிட்ட. மனுஷங்களை அளக்கறதே உங்க பொழப்பு."

தையல்காரர் முட்டையை விழுங்கினார். "நேரமாகுது, கிளம்பலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு மூன்றாம் மாடி. மின்தூக்கி இருந்தும், கதவிலிருந்து வரவேற்பு மேஜைவரை நடப்பதற்குள் மனைவி இரண்டு தரம் நின்றாள். சுவரில் ஒட்டியிருந்ததைப் படிப்பது போல நின்றாள்.

காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. அகலமான, உறுதியான இருக்கைகள். மனைவி உட்கார்ந்து, இடமும் வலமும் பார்த்து, "பரவாயில்லை, இங்க சீட்டு ஒழுங்கா பண்ணியிருக்கான்" என்றாள். எடை பார்க்கும் கருவி ஒரு மறைப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்த செவிலி, "எண்ணை நீங்க பாக்கலாம், பாக்காமலும் இருக்கலாம்க்கா. நான் சத்தமா சொல்ல மாட்டேன்" என்றாள். வாங்குகிற சம்பளத்தில் சேராத சின்ன இரக்கங்கள் இவை. இவற்றைச் செய்கிறவர்களை ஆண்டவன் எங்கோ குறித்துவைத்துக்கொள்கிறான் என்று நினைத்தார் தையல்காரர். தன்னையும் இத்தனை வருடம் அந்தப் பட்டியலில்தான் சேர்த்து வைத்திருந்தார்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண். அறிக்கைகளை மேஜையில் பரப்பி வைத்துவிட்டு, முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்டாள். எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், இரவுப் பணி உண்டா, எப்போது சாப்பிடுவீர்கள். பிறகுதான் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"நூத்தி எட்டு கிலோ. உங்க உயரத்துக்கு இது..."

"மெஷினைப் பாக்கச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை, பழகிப்போன நிதானம்தான் இருந்தது. "நான் பொய் சொல்லல. இந்தக் கோட்டு பன்னெண்டு வருஷமா போடறேன். நடுவுல ஒரு தையல்கூட மாத்தல. நூத்தி எட்டு கிலோன்னா இதுக்குள்ள நான் எப்படி இருக்க முடியும்? சொல்லுங்க."

டாக்டர் கோட்டைப் பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. "சரிம்மா, மெஷினை விடுங்க. இடுப்புச் சுற்றளவு எடுப்போம். எடையைவிட அதுதான் எனக்கு முக்கியம். வயித்தைச் சுத்திச் சேர்ற கொழுப்புதான் ஈரலையும் இதயத்தையும் தொந்தரவு பண்றது."

செவிலி நாடாவை எடுத்தாள்.

"அவங்க வேண்டாம். இவர் எடுக்கட்டும்" என்று கணவரைக் காட்டினாள் மனைவி. "முப்பது வருஷமா டெய்லர். நாடா பிடிச்சார்னா நூலளவு பிசகாது. அவரு சொன்னா நீங்களும் நம்பலாம், நானும் நம்புவேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். நாடா அவர் கைக்கு வந்தது.

எங்கே வைப்பது என்று செவிலி சொல்லிக் கொடுத்தாள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, இறுக்காமல். மனைவி கோட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கைகளை லேசாகத் தூக்கியபடி எழுந்து நின்றாள். முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. தேர்வு முடிவு தெரிந்த பிள்ளை அறிவிப்புப் பலகையைப் பார்க்கப் போகிற மாதிரி.

நாடாவைச் சுற்றினார். முனைகள் சேர்ந்தன. சுட்டுவிரல் தானாகவே மடிந்து எண்ணை மறைத்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம் அது. முப்பத்தாறு என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொல்லிவிட்டால் இன்னொரு நாள் கழிந்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். சான்று கிடைக்காது, வைத்தியமும் நடக்காது. இன்னொரு நாள் எங்கேயோ, எந்தப் படிக்கட்டிலோ, அவள் மூச்சு நின்றுபோகும்.

விரலை விலக்கினார்.

"நாப்பத்தேழு."

"என்னது? சரியா பாருங்க."

"சரியாத்தான்மா பாத்தேன். நாப்பத்தேழு."

"இங்க நாடா வேற மாதிரியோ என்னவோ."

"நாடா எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்." "கோட்டுதான் வேற. நான்தான் மாத்தினேன். பிரிச்சுப் பிரிச்சு விட்டேன். அப்புறம் புதுசா தைச்சேன். அஞ்சு தடவை. காலரையும் பட்டனையும் மட்டும் பழசுலேர்ந்து எடுத்து வெச்சேன், உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

டாக்டர் செவிலியைப் பார்த்துக் கண்ணசைக்க, இருவரும் எதையோ எடுத்து வருவதுபோல வெளியே போனார்கள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மனைவி உட்கார்ந்தாள். மேஜையில் இருந்த கோட்டை மடியில் எடுத்து உள்பக்கமாகப் புரட்டினாள். பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். மேலே வெளுத்த நீலம், உள்ளே மடிப்பில் வெயில் படாத புது நீலம். இத்தனை வருடத்தில் அவள் அதைப் புரட்டிப் பார்த்ததே இல்லை. தைத்தவரை நம்பினவள் எதற்குப் புரட்டிப் பார்ப்பாள்?

திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். இரண்டும் நடக்கவில்லை. கதவைப் பார்த்து, "உள்ள வாங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் வந்து, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். இது உங்க குணக்கேடு இல்ல. சோம்பேறித்தனமும் இல்ல. இது ஒரு வியாதி. சில உடம்புக்குப் பசியும் நிறைவும் சொல்ற மூளைக் கணக்கே வேற. பரம்பரை, தூக்கம், வேலை, மனசுக் கஷ்டம், எல்லாம் அதுல சேரும். வாயைக் கட்டினா உடனே உடம்பு செலவைச் சுருக்கிக்கிட்டுப் பசியைக் கூட்டும். அதனாலதான் தனியா போராடித் தோத்துப்போறாங்க. இதுக்கு வைத்தியம் வேணும், வெட்கம் வேண்டாம்."

"எனக்கு என்னென்ன இருக்கு?"

"ரத்தத்துல சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. ஈரல்ல கொழுப்பு. ரத்த அழுத்தம். குறட்டைக்கு நடுவுல ராத்திரி உங்களுக்கு மூச்சு விட்டு விட்டு நிக்குதுன்னு நினைக்கறேன். தூக்கப் பரிசோதனை பண்ணா உறுதியாகும். அதனாலதான் பகல்ல கண்ணு சொக்குது. அப்புறம் கண்ணுக்குப் பின்னாடி ரொம்பச் சின்னதா ரத்தக் கசிவு தெரியுது. இப்ப பார்வைக்கு ஒண்ணுமில்ல. கவனிச்சா இப்படியே நிறுத்தி வெக்கலாம்."

"சர்க்கரை எத்தனை நாளா இருந்திருக்கும் டாக்டர்?" தையல்காரர் கேட்டார்.

"சரியா சொல்ல முடியாது. அஞ்சாறு வருஷம் இருக்கலாம்."

ஆறு வருடத்துக்கு முன்னால் அலுவலக முகாமில் ஒருவர் இவளை எடை பார்த்து, 'ஒரு தரம் டாக்டரைப் பாருங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் இவள் அதைக் கடையில் கொண்டுவந்து காட்டி, அளந்து பாருங்களேன் என்று கேட்டாள். 'முப்பத்தாறு' என்றார். சீட்டைக் கிழித்து, நூல்துண்டுகள் கிடக்கும் கூடையில் போட்டாள். அந்தக் கூடையைக் கொட்டியதும் அவர்தான்.

டாக்டர் தொடர்ந்து சொன்னாள். வாரம் ஒரு ஊசி, சின்ன அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. முதல் சில வாரம் குமட்டும். நிறுத்தினால் எடை திரும்ப ஏறலாம், ஆகவே நீண்ட நாள் சிகிச்சை. கூடவே உணவு ஆலோசகர், முட்டிக்கு வலிக்காத உடற்பயிற்சி, தேவைப்பட்டால் தூங்கும்போது முகத்தில் மாட்ட ஒரு மூச்சுக் கருவி. இது போதாதென்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பிறகு பேசலாம். "பத்துல ஒரு பங்கு எடை குறைஞ்சாலே சர்க்கரையும் மூச்சும் நல்லா வித்தியாசம் காட்டும். ஒல்லியாகணும்னு சொல்லல நான். நீங்க நல்லா இருந்தாப் போதும்."

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் மனைவி.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் போதவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு நிறுத்தம்வரை வெளியே பார்த்தபடியே வந்தாள்.

"எனக்குத் தெரியாமலேவா இருந்திருக்கும்?" என்றாள், திரும்பாமல். "படியேறினா மூச்சு வாங்குது. கண்ணாடி பாத்தா யாரோ மாதிரி இருக்கு. தெரியத்தான் தெரிஞ்சுது. சந்தேகம் வர்றப்பெல்லாம் போய் அந்தக் கோட்டை எடுத்துப் போடுவேன். பட்டன் போடும். சரி, நமக்குத்தான் மனப்பிரமைன்னு கழட்டி வெச்சுடுவேன்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னு..."

"தெரியும். அதைத்தான் தாங்க முடியல." கைப்பையின் வாரை முறுக்கினாள். "ரெண்டாம் கவுண்டர் இருக்காளே, நாலு வருஷமா அவகூட நான் பேசல. 'உடம்பைப் பாருக்கா, எங்கம்மா இப்படித்தான் போய்ச் சேர்ந்தா'ன்னா. பொறாமைல பேசாதேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன். அவ ஒருத்திதாங்க எனக்கு நிஜத்தைச் சொன்னா."

அவர் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார். ஒருவருக்கு நல்லது செய்வதும் அவர் முகத்தைச் சிரிக்க வைப்பதும் ஒன்றுதான் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தே வருவதுபோலத்தான் தோன்றும். பிரிகிற இடத்தில் ஒரு மெல்லிய கோடுகூடத் தெரியாது. கடந்து வெகுதூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. அப்போது திரும்பி வர வழியும் நீண்டுவிடுகிறது.

தெருமுனையில் இறங்கினார்கள். கடையை நோக்கி நடந்தவர், பின்னால் காலடிச் சத்தம் வராததைக் கவனித்துத் திரும்பினார். மனைவி எதிர்ச் சாரிக்குக் கடந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு பெண்மணி நடத்தும் தையலகம் இருக்கிறது. பதினைந்து வருடமாக எதிரெதிர்க் கடைகள். அந்த வாசற்படியை இவர் குடும்பத்தில் யாரும் மிதித்ததில்லை.

தன் கடைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்மணி முதலில் திகைத்தாள். பிறகு கழுத்திலிருந்து நாடாவை எடுத்தாள். மனைவி கைகளை லேசாகத் தூக்கினாள். முகத்தில் இப்போது புன்னகை இல்லை. அந்தப் பெண்மணி எண்ணைச் சொல்லும்போது வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் தெருவைக் கடந்து வந்து கடை வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. அவர் ஸ்டூலை எடுத்து வந்து போட்டார். உட்காரவில்லை.

"நாப்பத்தேழுதான். நீங்க இன்னைக்குச் சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் தலை குனிந்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை முதல் ஊசி. நான் போய்க்கறேன், நீங்க வர வேண்டாம். வாராவாரம் அளவு எதிர்க் கடையிலதான் எடுப்பேன். கோட்டும் அங்கேயே தைக்கக் கொடுத்துட்டேன்."

"சரிம்மா."

"கோவத்துல சொல்லல. எனக்குத் திரும்ப நம்பிக்கை வர நாளாகும். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க."

"எவ்வளவு நாள் வேணாலும் ஆகட்டும்."

உள்ளே போகத் திரும்பியவள், திரையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளிருந்து பாத்திரச் சத்தமும் பாட்டு முணுமுணுக்கும் சத்தமும் வந்தன. வாலு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அம்மாவுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் பரம்பரைன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவளுக்கும் நீங்கதானே தைக்கிறீங்க. சொல்லுங்க, இவளோட நிஜ அளவு என்ன?"

தையல்காரர் வாயைத் திறந்தார். உள்ளே பாட்டு நின்றது. "அம்மா வந்தாச்சா?" என்றபடி வாலு திரையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.